ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம்

அப்பா,

பிஸ்கட் தகரத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டது என்னுடைய கட்டைவிரல்தான். கப்பல் புத்தகத்தின் வலது கீழ் மூலைகளில், கறுப்பாக, ரேகை ரேகையாக. ஒரு அறுபது பக்கம் அழுத்தமாக இருந்துவிட்டு அப்புறம் மங்குகிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும். "கைய கழுவிட்டு வந்து ஒக்காருடா. புஸ்தகம் என்னா மோட்டார் செயினா?" கழுவினேன். ஆனாலும் கிரீஸ் முழுசாகப் போகாது. கிணற்றுப் புத்தகத்திலும் தேனீப் புத்தகத்திலும் மங்கலாக, கடைசிப் பக்கம் வரைக்கும் நான் இருக்கிறேன்.

அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப்போக வந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை இந்த வாரம் காலி செய்ய வேண்டும். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லோரியில் சாமான்களுக்கு இடம் கேட்டிருக்கிறேன். லோரிக்காரன் நாளைக் காலையில் வருகிறான். அம்மா அடுப்படியில் சட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் தகரம் என் பங்குக்கு வந்தது. ரொட்டி வாசனையும் அடுப்புப் புகை வாசனையும் இன்னும் அதில் இருக்கின்றன.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு உருக்கமாக எழுத வராது. நான் ஈப்போவில் கொதிகலன் பழுது பார்க்கிறவன். என்ன உடைந்தது, எதனால் உடைந்தது, யார் கை வைத்தது, அவ்வளவுதான் எழுதிப் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

உடைந்தது, தேயிலை ஆலையில் இலையை உலர்த்துகிற டிரையரின் அடுப்புக் கதவு. வார்ப்பிரும்புக் கதவு. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். எழுபதுகளின் கடைசியில், மழை விட்டு வெயில் பிடித்திருந்த சமயம். மலை முழுக்கக் கொழுந்து தள்ளிக்கொண்டு நின்றது. அம்மாவும் மற்றவர்களும் கூடை கூடையாகப் பறித்துப் போட்டார்கள். ஆலை நிற்கவே இல்லை. நீங்கள் பதினெட்டு வருஷமாக அந்த டிரையருக்குப் பொறுப்பு. நான் தொழிற்கல்விப் பள்ளியை முடித்துவிட்டு, அதே ஆலையின் பட்டறையில் தற்காலிக வேலையில் இருந்தேன். சர்ட்டிபிகேட் வாங்கி மூன்று மாதம்தான். உலகத்தில் எனக்குத் தெரியாத இரும்பு எதுவும் இல்லை என்று நினைப்பு.

கதவின் மேல் கீலில் போல்ட் தேய்ந்துவிட்டது என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். அதே அளவு போல்ட் பட்டறையில் இல்லை. பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கிலும் கிடைக்காது, ஈப்போவிலிருந்து வரவேண்டும். நான் ஒரு அளவு மெலிந்த போல்ட்டை எடுத்து, இரண்டு வாஷர் வைத்து முடுக்கினேன். அது நீளமும் போதவில்லை. நட்டில் இரண்டு சுற்று மரைதான் பிடித்தது. எனக்குத் தெரியும். பிடித்தது இரண்டு மரைதான் என்று என் விரலுக்குத் தெரிந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு "ஆச்சுப்பா" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் பிரிஞ்சாங்கில் பந்தாட்டம் இருந்தது.

மூன்றாம் நாள் கதவு பெயர்ந்தது. விறகு தள்ளுகிற முனியன் அதற்கு நேர் கீழே குனிந்திருந்தார். நீங்கள் இரண்டு கையையும் கொடுத்து அதைத் தாங்கினீர்கள். முனியன் நகர்கிற வரைக்கும் தாங்கினீர்கள். பிறகுதான் விட்டீர்கள்.

பட்டறையிலிருந்து நான் ஓடி வந்தபோது உங்கள் கைகளை யாரோ வாளித் தண்ணீருக்குள் வைத்திருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "டேய், தட்டுல இருக்கற தூள பாரு, கருகிடப்போவுது."

தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் மஞ்சள் மருந்து தடவி, விரல் விரலாகச் சுற்றி, முழங்கை வரைக்கும் கட்டிவிட்டார். ஒரு மாதம் கையைத் தொங்கவிடக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அம்மா கொழுந்துக்குப் போக வேண்டும். பட்டறை மேஸ்திரியிடம் சொல்லி எனக்கும் சூத்தி, அதாவது லீவு, வாங்கினாள். "ஒங்கப்பாவுக்குச் சோறு ஊட்டணும், மொகம் கழுவி விடணும், இதுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரியவா கூப்புட முடியும்? ஒரு மாசம் வீட்ல இரு லா" என்றாள். அவளுக்கு போல்ட் விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி காகிதம் எடுத்துக்கொண்டு வந்தார். விபத்துக்கு வாக்குமூலம். நாற்காலியில் இரண்டு கையையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "கதவ இழுக்கறப்ப நான் பாத்து இழுக்கல. என் கவனக்கொறவுதான். எழுதிக்குங்க."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "யோவ், பதினெட்டு வருஷமா இழுக்கற. இன்னைக்கு மட்டும் எப்படியா பாக்காம இழுத்த?"

"வயசாவுதுல்ல கிராணியாரே."

"நாப்பத்தெட்டு ஒரு வயசா? தொர இத படிச்சாருன்னா டிரையர்லேருந்து எடுத்துருவாரு. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"எழுதிக்குங்க."

கையெழுத்துப் போட உங்களுக்குக் கை இல்லை. ரேகை வைக்கவும் விரல் இல்லை. கிராணி காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, "அப்பாவுக்காக நீ போடு" என்றார். போட்டேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குக் கீழே, உங்கள் பெயருக்காக, என் கையெழுத்து. நீங்கள் வாசலுக்கு வெளியே தேயிலை நிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகு விசாரணை, அதன் பிறகு முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, எனக்கு ஒரு மாதம் இருந்தது. வாய் திறப்பதற்கு.

புத்தகங்கள் அதற்கு அடுத்த நாள் வந்தன. பிரிஞ்சாங்கிலிருந்து வேனில் ரொட்டி கொண்டுவருகிற பாய்தான் கொண்டுவந்தார். மலையை விட்டுப் போகிறவர்கள் அவருடைய கடையில் போட்டுவிட்டுப் போகிற பழைய புத்தகங்களை நீங்கள் வழக்கமாக வாங்கிப் படிப்பீர்கள். ஆனால் ஆலை ஓடுகிற காலத்தில் உங்களுக்கு வாரத்துக்குப் பத்துப் பக்கம்தான் நேரம்.

"என்னா அண்ணே, ரெண்டு கையிலயும் பட்டுத்துணி சுத்தி மாப்புள்ள கோலத்துல ஒக்காந்திருக்கீங்க?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார் பாய். "பொண்ணு யாரு? என்கிட்ட சொல்லவே இல்ல."

"பொண்ணு கொழுந்துக்குப் போயிருக்கு. வந்தா நீங்களே கேட்டுக்குங்க. வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வரும்."

பாய் சிரித்துவிட்டு, ரொட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தார். "இந்தா அண்ணே, ஒரு மாசத்துக்கு இது போதும். கைதான் இல்லையே, எப்படித் திருப்புவீங்க?" பிறகு என்னைப் பார்த்தார். "ஓ, மெஷின் நிக்குது இங்க."

மூன்றுக்குமே மேலட்டை இல்லை. பெயரும் இல்லை, எழுதியவர் யார் என்றும் இல்லை. நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். கப்பல் புத்தகம், கிணற்றுப் புத்தகம், தேனீப் புத்தகம்.

எனக்கு அது தண்டனையாக இருந்தது, அப்பா. உண்மையைச் சொல்கிறேன். முக்காலியில் புத்தகத்தை நிறுத்திவைத்து, பக்கத்தில் நான் உட்கார வேண்டும். பக்கம் முடிந்ததும் நீங்கள் "ம்" என்பீர்கள். நான் திருப்ப வேண்டும். மறுபடியும் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம். நான் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவேன். மீதி மூன்று நிமிடம் என்ன செய்வது? ஒரு பழைய கார்புரேட்டரைக் கொண்டுவந்து மடியில் வைத்துக் கழற்றிக்கொண்டே இருந்தேன். அந்தக் கிரீஸ்தான் மூலைகளில் இருக்கிறது.

"முடிஞ்சிருச்சாப்பா?"

"இல்ல."

"அந்தப் பக்கத்துல ஒன்னுமே இல்லப்பா. சமையக்காரன் வெங்காயம் உரிக்கறான். அவ்ளோதான்."

"அவன் எப்படி உரிக்கறான்னு இருக்கு. நீ பாக்கல."

கரையிலேயே இறங்காத ஒரு கப்பல் சமையல்காரனின் கதை அது. ஒவ்வொரு துறைமுகத்திலும் மற்றவர்கள் இறங்கிப் போவார்கள். அவன் மட்டும் தளத்தில் நின்று பார்ப்பான். கடைசியில் அவன் செத்ததும் கடலில் இறக்குகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. நான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, "இல்லாத ஆளு செத்ததுக்கு எதுக்குப்பா அழறீங்க?" என்றேன். நீங்கள் கோபிக்கவில்லை. "இருக்கறவனுக்கு அழுதா அவனுக்குச் சங்கடமா இருக்கும்டா" என்றீர்கள். அன்றைக்கு அதை நான் நகைச்சுவை என்று நினைத்தேன்.

முதல் புத்தகம் முடிவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கருவி செய்தேன். சைக்கிள் சக்கரத்துக் கம்பி, அதன் நுனியில் லோரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர், காலால் மிதிக்க ஒரு பலகை. மிதித்தால் கம்பி வந்து பக்கத்தை இழுத்துத் தள்ளும். இருபது தடவை சோதித்தேன். ஒரே ஒரு தடவைதான் இரண்டு தாள் சேர்ந்து போனது. லயத்துக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "இதே மாதிரி எனக்குக் கொழுந்து பறிக்க ஒன்னு செஞ்சு குடு லா தம்பி, நான் காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார்.

கிணற்றுப் புத்தகத்தை வைத்து நீங்கள் ஒரு மத்தியானம் முழுக்க அதை மிதித்தீர்கள். நான் விடுதலை கிடைத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா தெர்லா வரைக்கும் போய்வந்தேன். திரும்பி வந்தபோது கருவி ஓரமாகக் கிடந்தது.

"ஏம்பா, ஓடலையா?"

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம்?"

"ரெண்டு எடத்துல ரெண்டு ரெண்டு பக்கமா போயிருச்சு. திருப்பிக் கொண்டுவர முடியல."

"ஒரு பக்கம் போனா என்னா லா? அடுத்ததுல புரிஞ்சிரும்."

"போன பக்கத்துலதான் அண்ணங்காரன் வீட்ட விட்டுப் போயிருக்கான். எனக்குத் தெரியாம அவன தேடிக்கிட்டே ஒக்காந்திருந்தேன்." பலகையைக் காலால் இன்னும் தள்ளி வைத்தீர்கள். "கம்பி வேணாம். நீ ஒக்காரு."

உட்கார்ந்தேன். கார்புரேட்டரை எடுத்து மடியில் வைத்தேன். அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்றதற்கு இரண்டு தாள் மட்டும் காரணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் பக்கத்தில் இருந்தால்தானே சொல்ல முடியும். நீங்கள் அதற்காகக் காத்திருந்தீர்கள். கேட்டு வாங்க உங்களுக்கு மனசில்லை.

கிணற்றுப் புத்தகம் இரண்டு சகோதரர்கள் ஒரே நிலத்தில் கிணறு வெட்டுகிற கதை. தண்ணீர் வராது. தம்பி இடம் மாற்றிச் சொன்னதால்தான் வரவில்லை என்று அவனுக்கு மட்டும் தெரியும். அண்ணன் வெட்டிக்கொண்டே போவான். எனக்கு அந்தத் தம்பியைப் பிடிக்கவில்லை. முதல் பத்துப் பக்கத்திலேயே சொல்லிவிட்டிருந்தால் புத்தகமே தேவைப்பட்டிருக்காது என்று எரிச்சலாக இருந்தது. எனக்கு வெட்கமே இல்லை பாருங்கள்.

இருபத்திரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். சாப்பாடு முடிந்த நேரம். கீழே சரிவில் அம்மாவின் கூட்டம் நிரை மாறுவதற்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெயில் நன்றாகக் காய்ந்தது. நீங்கள் பக்கத்தின் பாதியில் இருந்தீர்கள். எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியாது. கார்புரேட்டரில் ஒரு சின்ன நட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். அது முழுசாக இறங்கிப் பிடித்தது. அந்தப் பிடிப்பு விரலில் தெரிந்ததும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்தக் கதவு போல்ட்டு சரியான சைஸ் இல்ல. ரெண்டு மரைதான் புடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

நீங்கள் திரும்பவில்லை. "தெரியும். இன்னும் பாதிப் பக்கம் இருக்கு. இரு."

இரண்டு நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான இரண்டு நிமிடம் இல்லை. உங்கள் கண் வரி வரியாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரிக்கு வந்து, முடித்து, அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீ மாட்டிட்டுப் போன அன்னைக்கே பாத்துட்டேன். வாஷர் வெளிய துருத்திக்கிட்டு நின்னுச்சு."

"பாத்துட்டு ஏன்பா ஒன்னும் சொல்லல?"

"சொன்னா அடுப்ப அணைக்கணும். அணைச்சா ஆறி, மறுபடி கெளப்ப ஒரு நாளு போவும். எல நெறஞ்சு கெடந்துச்சு. பாதி எல செவந்துபோயி நெருப்புக்குப் போவ ரெடியா இருந்துச்சு. நிறுத்துனா அத்தனையும் புளிச்சிரும். மனசு வரல. ஞாயித்துக்கெழம அடுப்பு ஓயும்ல, அப்ப மாத்திக்கலாம்னு விட்டேன்." கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தீர்கள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் அது தாங்கல."

தேயிலை ஆலைக்காரன் செய்கிற தப்பு அது. செவந்த இலையைப் பார்த்துவிட்டால் உங்களில் யாருக்கும் அடுப்பை நிறுத்தக் கை வராது. நான் செய்தது அந்தத் தப்பு இல்லை. நான் பந்தாட்டத்துக்காகச் செய்தேன்.

எழுந்துவிட்டேன். "நான் இப்பவே ஆபீஸுக்குப் போறேன். தொரகிட்ட நானே சொல்றேன்."

"ஒக்காரு."

"ஒங்கள டிரையர்லேருந்து எடுத்துருவாங்கப்பா!"

"எடுக்கட்டும். ஈப்போல பெரிய பட்டறைக்கு ஒனக்காகத் தொர கடுதாசி குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. இத சொன்னா குடுப்பாரா? எனக்கு இனிமே எங்க வேல குடுத்தாலும் இந்தத் தோட்டத்துலதான் இருக்கப் போறேன். நீ போவ வேண்டியவன்." பிறகு குரலைத் தணித்தீர்கள். "ஒக்காருடா. அண்ணங்காரன் தண்ணி எடுக்கறானான்னு பாக்கணும்."

உட்கார்ந்தேன், அப்பா.

நீங்கள் சொன்னதற்காக உட்கார்ந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. நெஞ்சில் இருந்ததை இறக்கி உங்களிடம் கொடுத்துவிட்டேன், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள், என் கடுதாசியும் பத்திரம். அன்றைக்கு மீதிப் பக்கங்களை நான் மிகவும் ஒழுங்காகத் திருப்பினேன்.

தேனீப் புத்தகம் ஏதோ இலாகா வெளியிட்ட கையேடு. கூடு செய்வது, ராணியைப் பிரிப்பது, புகை போடுவது. அளவுகளோடு படங்கள் இருந்தன. அதைத்தான் நானும் உங்களோடு சேர்ந்து முழுசாகப் படித்தேன். "கூட்டுல ஒரு தேனீயும் சும்மா நிக்கல பாரு" என்பீர்கள். "மேல்மூடிய கால் அங்குலம் கூட வெட்டணும்பா, படத்துல தப்பா இருக்கு" என்பேன். அந்தக் கடைசி வாரத்தில் நாம் பேசியது போல அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. உங்களை டிரையரிலிருந்து எடுத்து, பச்சைக் கொழுந்தை வாடவைக்கிற மேல்மாடிக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு இளையவன் ஒருவன் உங்கள் அடுப்புக்கு வந்தான். எனக்குக் கடுதாசி கிடைத்தது. போய்விட்டேன்.

அடுத்த தடவை லீவில் வந்தபோது மாடிக்கு ஏறி வந்தேன். கொழுந்து பதமாக வாடிவிட்டதா என்று எல்லோரும் ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்றவன், "கிழவரு கொழுந்துக்கு முத்தம் குடுக்கறாரு" என்று கிண்டல் செய்தான். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஏன் கன்னம் என்று நான் கேட்கவில்லை. பழுது பார்ப்பதுதான் என் தொழில்.

ஒவ்வொரு தடவையும் ஈப்போவிலிருந்து புதுப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். அட்டை உள்ளது, பெயர் உள்ளது. வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்று தகரத்தில் வைப்பீர்கள். அடுத்த தடவை வந்தால் மடியில் பழையபடி கப்பல் புத்தகம். இல்லாவிட்டால் கிணறு. அதன் பிறகு நீங்கள் இருந்த எட்டு வருஷமும் அந்த மூன்றுதான். கடைசியாக வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குப்பா நான் வாங்கிட்டு வர்றேன்? பூச்சி திங்கறதுக்கா? அரச்ச மாவையே அரைக்கறீங்க."

"இது மூனும் எனக்குப் புடிச்சதுடா."

"புதுச தொறந்தே பாக்காம எப்படிப்பா தெரியும்?"

நீங்கள் புத்தகத்தைப் பார்த்தீர்கள். நான் காலையில் கிளம்பிப் போய்விட்டேன். அதற்கப்புறம் உங்கள் செய்திதான் வந்தது.

இன்றைக்கு மத்தியானம் தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, புதுப் புத்தகங்களை ஒன்றொன்றாக எடுத்தேன். ஏழு. திறந்தேன். எல்லாவற்றிலும் முதல் பத்து, பதினைந்து பக்கங்கள் மட்டும் மூலை கசங்கி, மடிந்து, சிலது கிழிந்தும் இருந்தன. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் கடையிலிருந்து வந்தது போல அப்படியே.

"அம்மா, இத யாரு இப்படிக் கசக்குனது?"

அம்மா சட்டி கட்டுகிற கயிற்றை விடாமலே சொன்னாள். "வேற யாரு, அவருதான். வெரலு நுனியில உணர்ச்சி ஏது அவருக்கு? காயிதம் ஒன்னா ரெண்டான்னு தெரியாது. சுட்டதுலேருந்து அப்படித்தான்."

கசங்கிய ஒரு மூலையை விரலால் நீவினேன்.

"ரெண்டு ரெண்டா போயிரும். அப்புறம் கத புரியாது. திரும்பத் தேடுவாரு, தேடுவாரு. பத்துப் பக்கத்துக்கு மேல முடியாம மூடி வச்சிருவாரு. பழசு மூனுன்னா மனப்பாடம். ரெண்டு பக்கம் சேந்து போனாலும் நடுவுல என்னா இருக்குன்னு தெரியும்ல, அவரு பாட்டுக்குப் போயிருவாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்து மறுபடியும் ஒரு கம்பிய கட்டுவான்னு சிரிச்சாரு." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நான் திருப்பி விடறேன்னேன். நீ நாளெல்லாம் மலையில நிக்கற, இங்க வந்தும் ஒக்காந்து காத்துக்கெடக்கணுமான்னுட்டாரு."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னா லா, மொகம் இப்படி ஆயிருச்சு?" என்றாள். அவளிடம் சொன்னேன். போல்ட்டு, வாஷர், பந்தாட்டம், கையெழுத்து, எல்லாம். அம்மா கயிற்றைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "முனியன் இன்னும் கீழ் லயத்துல இருக்கான். போயி அவங்கிட்டயும் சொல்லிட்டு வா" என்றாள். போனேன். முனியனுக்கு இப்போது கண் மங்கல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கப்பன் கதவ ரொம்ப நேரம் புடிச்சிருந்தான்டா" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த மடலை அச்சில் போடக் கொடுக்கப்போகிறேன். தோட்டத்து ஆபீஸில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறதோ, கறையான் தின்றதோ தெரியாது. துரை மாறிவிட்டார். கிராணியும் போய்விட்டார். திருத்த ஆள் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். டிரையர் அடுப்புக் கதவு விழுந்தது என் அப்பாவின் கவனக்குறைவால் அல்ல. அந்த போல்ட்டைப் போட்டவன் நான். போடும்போதே எனக்குத் தெரியும். வாக்குமூலத்தில் இருப்பது என் கையெழுத்து.

உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள் என்று இத்தனை வருஷம் மூன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூன்றையும் உங்களுக்குப் பிடித்தவையாக ஆக்கியது என் இரண்டு மரை. உங்களுக்கு வேறு என்னவெல்லாம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற வழியும் இல்லை.

வேலையில் இப்போது நான் மெதுவானவன். கூட வேலை செய்கிறவர்கள் திட்டுகிறார்கள். நட்டு முழுசாக இறங்கிப் பிடித்தது விரலில் தெரிந்தால் ஒழிய "ஆச்சு" என்று என் வாயில் வராது.

சாமான் கட்டி முடிந்துவிட்டது. நாற்காலியை மட்டும் இன்னும் கட்டவில்லை. வாசலில் போட்டு, புதுப் புத்தகங்களில் முதலில் வாங்கியதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் விட்ட பதினொன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்தில் படித்துவிடுகிறேன். மீதி மூன்று நிமிடம் கையை எடுக்காமல் அப்படியே இருக்கிறேன். தாள் ஒன்றுதானா என்று விரலால் பார்த்துக்கொள்கிறேன். அதன் பிறகுதான் திருப்புகிறேன்.